அவளை அனுப்பிவிடும் என்று செபித்தேன்

ஆண்டவரில் அன்பான சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்குப் பல வருடம் வெட்கமாக இருந்தது. இதில் நான் நல்லவள் இல்லை.

2009ஆம் வருடம். பொங்கலுக்கு முந்தின வாரம், வன்னியிலிருந்து என் தம்பி ராஜன் கடைசியாகப் பேசினான். "அக்கா, ஷெல் விழுது. பிறகு எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவே இல்லை. அவனோடு அவன் மனைவியும் மூன்று வயது மகள் மரியாவும் இருந்தார்கள்.

நாங்கள் மன்னாரிலிருந்து படகில் வந்த குடும்பம். எனக்கு அப்போது பத்து வயது. புதுச்சேரியிலேயே வளர்ந்து, படித்து, சமூகப்பணியாளர் ஆனேன். சண்டை நின்றிருந்த வருடங்களில் தம்பி மட்டும் ஊரை நம்பித் திரும்பிப் போனான். இப்போது அம்மா சாப்பிட மறுத்தார். "என்ர பிள்ளை இருக்கிறானோ இல்லையோ, அதையாவது சொல்லச் சொல்லு உன்ர கடவுளிட்ட" என்பார்.

அந்த நேரத்தில்தான் அனோமா எங்கள் அலுவலகத்தில் இருந்தாள். சிங்களப் பெண். சுனாமியில் பிள்ளைகளை இழந்த மீனவப் பெண்களுக்கு நாங்கள் ஆலோசனை கொடுத்து வந்தோம். அவள் அதே வேலையை இலங்கையில் செய்தவள். ஒரு வருடத்துக்கு இங்கே அனுப்பியிருந்தார்கள். எங்கள் இயக்குநரை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னையே அவளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போட்டார்.

"வேற யாரையாவது போடுங்க மதாம்."

"வேலைன்னா வேலைதான் ஜெசிந்தா. உங்க ஊர் சண்டைய வாசல்லயே விட்டுட்டு உள்ள வா."

சண்டை வாசலில் நிற்கவில்லை. அனோமா தன் மேசையில் ராணுவ உடுப்பில் இருந்த ஒருவனின் படத்தை வைத்தாள். அதை எடுக்கச் சொன்னேன். "இவன் என் தம்பி. கிளிநொச்சியில் செத்துப்போனான். எடுக்க மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதன் பிறகு நாங்கள் சேர்ந்து ஒரு டீ கூடக் குடித்ததில்லை. அவளுக்குத் தேவைப்பட்ட ஃபைல்களை நான் ஒளித்து வைத்தேன். என் அறிக்கைகளில் இருந்த பிழைகளை அவள் மதாமிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஃபைல் அறையில் முழங்காலிட்டு வாய்விட்டுச் செபிப்பேன். "ஆண்டவரே, மன்னார் ராஜனையும் மரியாவையும் காப்பாற்றும். இந்தச் சிங்களத்தியை இங்கிருந்து அனுப்பிவிடும்." இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். தப்பாகவே தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று செய்தேன். கனகசெட்டிக்குளம் மீனவக் கிராமத்தில் தனம் என்ற பெண். இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவள். நாலு வருடமாக அவர்கள் பெயரையே சொல்லாதவள். அனோமா அவளிடம் மெதுவாகக் கேட்டாள்: "பிள்ளைகளின் பெயரை எனக்குச் சொல்வீர்களா?" நான் அதை மாற்றி, "புள்ளைங்கள ஏன் தனியா உட்டுட்டுப் போனேன்னு கேக்குறாங்க" என்றேன். தனம் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அனோமா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குள்ளே சந்தோஷம். பிறகு கரையில் மீன் விற்கும் பெண்களிடம், "அவ சிங்களத்தி" என்றும் சொல்லி வைத்தேன்.

அது தவக்காலம். ஈழத்துக்காக எங்கே பார்த்தாலும் மறியலும் உண்ணாவிரதமும் நடந்துகொண்டிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் கனகசெட்டிக்குளத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் பத்துப் பதினைந்து ஆண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கையில் துடுப்பு.

"செத்த புள்ளைங்களச் சொல்லி நம்ம பொம்பளைய குத்திக் காட்டுனவ இவதான? அங்கயும் கொல்றீங்க, இங்கயும் வந்து வவுறு எரிய வெக்கிறீங்களா?"

என்னிடம், "நீ நவுரும்மா. நீ நம்ம பொண்ணு" என்றார்கள்.

நான் நகர்ந்தேன். ஆம், நகர்ந்தேன். அனோமா பையை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் கேட்ட செபம் கண்முன்னால் நிறைவேறிக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, நான் கேட்டதைக் கொடுக்காதேயும்" என்று மனதுக்குள் கத்தினேன். அடுத்த நிமிடம் அவளுக்கும் அந்தத் துடுப்புக்கும் நடுவில் நின்றேன். அது என் தைரியம் இல்லை.

"அண்ணா, தொடாதீங்க. அவங்க அப்படிக் கேக்கவே இல்ல. நான்தான் மாத்திச் சொன்னேன். எனக்கு அவங்க மேல கோவம். பாவம் என்னுது."

"பொய் சொல்லி அவள காப்பாத்துறியா?" என்று துடுப்புக்காரர் என்னைத் தள்ளினார். விழுந்தேன்.

அப்போது தனம் வீட்டுக் கதவு திறந்தது. "அந்தப் பொண்ணு சொல்றது நெசம். இந்தம்மா மறுவாரமே தனியா பஸ் ஏறி வந்துச்சு. வாரா வாரம் வந்து எங்கூட குந்திட்டுப் போவுது. எம்புள்ளைங்க பேர இதுங்கிட்டதான் நான் சொன்னேன். வழி உடுங்க."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். தனம் அனோமாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். என்னைக் கூப்பிடவில்லை.

அலுவலகம் திரும்பிய பிறகுதான் அனோமா பேசினாள். தமிழில் பேசினாள்.

"எனக்குத் தமிழ் விளங்கும், மிஸ். பேசத்தான் சரியா வராது. கொழும்புல பக்கத்து வீடெல்லாம் தமிழ். நீ மாத்திச் சொன்னதும் விளங்கினது. ஃபைல் அறையில நீ கும்பிடுறதும் கேட்டது." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபேக்ஸ் காகிதத்தை எடுத்தாள். "அக்காட மகள் வவுனியாவுல நர்ஸ். மூணு கிழமைக்கு முந்தி நான் அவளிட்ட உன் தம்பி பேர் குடுத்தது. அவன் ஆஸ்பத்திரியில இருக்கு. ஒரு கால் இல்ல. பிள்ளை கூட இருக்கு. மனைவி இல்ல."

காகிதத்தில் நேற்றைய தேதி இருந்தது.

"நேத்தே தெரியுமா?"

"தெரியும். சொல்ல மனசு வரல்ல. என்ட தம்பி செத்தது. உன்ட தம்பி இருக்கு. ஒரு நாள் எனக்கு வேணும்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவளை என் செபப்படியே அன்று விரட்டியிருந்தால் அந்தக் காகிதமும் அவளோடு போயிருக்கும்.

ஒரு மாதம் கழித்து ராஜன் ஃபோனில் பேசினான். அம்மா அவன் குரலைக் கேட்டுவிட்டு, கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். ராஜனின் மனைவியை நாங்கள் திரும்பப் பெறவில்லை. அதற்கான பதில் இன்னும் எனக்குத் தெரியாது. ஆனாலும் நன்றி சொல்கிறேன்.

நானும் அனோமாவும் தோழிகளாகவில்லை. அவள் ஊர் திரும்பும் நாளில் மன்னிப்புக் கேட்டேன். "இன்னும் இல்ல" என்றாள். தனமும் பல மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது தகும். இப்போதெல்லாம் பிறர் சொல்லை ஒரு எழுத்துக் கூடக் குறைக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் அனோமாவின் பெயரையும், நான் பார்த்தேயிராத அவள் தம்பியின் ஆன்மாவையும் சேர்த்துச் செபிக்கிறேன்.

சகோதரிகளே, சகோதரர்களே, உங்கள் வீட்டிலும் யாரையாவது தேடிக்கொண்டிருப்பீர்கள். கேளுங்கள். அவர் கேட்கிறார். பதில் யார் கையால் வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.