பெரியப்பாவின் பாக்கெட்டில் நான்கு மைக்ரான்

பெரியப்பாவுக்குத் தொழிற்சாலையில் 'பூட்டு' என்று பெயர். சாப்பாட்டு டப்பாவுக்கே பூட்டுப் போட்டவரை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

ஒரு தகரக் கொட்டகையில், இரண்டு கிரைண்டிங் மெஷினோடு பிஸ்டன் பின் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து அங்கே அளவு பார்ப்பவர் அவர்தான். பிஸ்டனையும் அதை இயக்கும் தண்டையும் கோக்கிற, விரல் நீள எஃகுத் துண்டு அது. கொட்டகை மூன்று கூடங்களாக வளர்ந்தபின், எடையைக் குறைக்க உள்ளே துளையிட்ட புதுப் பின் ஒன்றை முதலாளி உருவாக்கினார். ஒரு கார் கம்பெனி முந்நூறு மாதிரிகள் கேட்டது.

அவற்றைக் கடைந்தவர் என் மாமா, பெரியம்மாவின் தம்பி. எதிர்த்தெருப் போட்டிப் பட்டறைக்காரனோடு அவர் டீ குடித்ததைப் பெரியப்பா பார்த்துவிட்டார். போதாதா? சரியான அளவுக்குச் செய்த மாதிரிப் பின்னை, 'மாஸ்டர்' என்பார்கள், யாரும் மாற்றிவிடக் கூடாதென்று அன்றிலிருந்து சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். காலையில் அதை வைத்துத்தான் அளவுக் கருவியின் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவார்.

மறுநாளே மாமாவின் பின்கள் எல்லாம் நான்கு மைக்ரான், தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்கு, சிறுத்தன. முந்நூறும் கழிவு. பெரியப்பா புகார் எழுதினார். முதலாளி அதில் கையெழுத்துப் போட்டால் மாமாவுக்கு வேலை போய்விடும்.

"அத்தான், என் மெஷின்ல அளந்தப்ப சரியாத்தானே இருந்துச்சு?"

"உன் மெஷின் உன் பேச்சைத்தான் கேக்கும் மாப்ளே."

"அந்த மாஸ்டரை ஒரு நிமிஷம் கொடுங்க."

"எதுக்கு? மாத்தவா?"

"நீங்களே பக்கத்துல நில்லுங்க, அத்தான். வேணும்னா என் கையையும் பூட்டிக்குங்க!"

கொடுத்தார். வாங்கிய மாமா உள்ளங்கையில் அதை உருட்டிப் பார்த்தார். "என்ன அத்தான் இது, காய்ச்சல்காரன் மாதிரி சுடுது?"

உடம்புச் சூட்டில் எஃகு விரிந்திருந்தது. பருத்த மாஸ்டருக்கு முன்னால் நல்ல பின்கள் இளைத்துத் தெரிந்தன. கருங்கல் மேசையில் மாஸ்டரை ஆறவைத்தார்கள். மாமா ஏதாவது செய்துவிடுவாரோ என்று பெரியப்பா சாப்பிடக்கூடப் போகாமல் காவல் இருந்தார். பிறகு தானே முள்ளை நிறுத்தி, தானே அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். முந்நூறும் தேறின.

புகாரைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் போனார். "தப்பு என் பாக்கெட்ல இருந்துச்சுங்க."

"நல்லவேளை, ஆளை அனுப்பறதுக்கு முன்னாடி சொன்னீரே" என்றார் முதலாளி.

அளக்கும் பொருளும் மாஸ்டரும் நான்கு மணி நேரம் ஒரே கல்லில் கிடக்க வேண்டும் என்ற விதி அன்று வந்தது. நான்காவது கூடம் அதற்குப் பிறகு. கம்பெனி மலரில் அந்த விதி 'எங்கள் புதுமைகள்' பகுதியில் இருக்கிறது. பாக்கெட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அன்று சாயங்காலமே பெரியம்மா அவருடைய சட்டைப் பைகளின் வாயைத் தைத்து மூடினாள். "என் தம்பியைத் திருடனாக்கின பை இதுதானே?"

பெரியப்பா தையலை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.