கல்யாணப் பத்திரிகையில் ஒரு கழுகு

தபால்தலை விற்கிறவனுக்கு நெஞ்சு உறுதியாக இருக்க வேண்டும். கவுன்ட்டருக்குப் பின்னால் காலம் தள்ளும் சக ஜீவன்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

முழுத்தாளும் போயிற்று

பறவை ஓவியத்தின் முன்னோடி ஒருவருக்குச் சிறப்புத் தபால்தலை வந்தது. இடப்பக்கம் அவர் முகம், வலப்பக்கம் அவர் வரைந்த பறவை. எங்கள் அஞ்சலகத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு தாள். மில்லர்புரம் வசந்தா டீச்சர் பள்ளியில் ஓவியம் கற்றுத்தருபவர். அந்த ஓவியரின் படங்களைப் பார்த்துத்தான் தூரிகை பிடித்தவர். வெளியீட்டு நாள் முத்திரையோடு ஓர் உறை வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிவைத்திருந்தார். மறுநாள் குத்தினால் அது வெறும் மை.

வெளியீட்டு நாளன்று நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தாளைக் காணோம். கல்யாணப் பத்திரிகை அனுப்ப வந்த பலசரக்குக் கடை அண்ணாச்சிக்கு, புதிதாக வேலைக்கு வந்த ராணி அத்தனையையும் கொடுத்துவிட்டாள். ஏன் கொடுத்தாய் என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "ஸ்டாம்புன்னா விக்கத்தானே சார் வச்சிருக்கு?"

கருட தரிசனம்

அதற்குள் அண்ணாச்சி எல்லாப் பத்திரிகைகளையும் பெட்டியில் போட்டுவிட்டார். கையில் ஒரு தபால்தலை மட்டும் மிச்சம். வேறு தருகிறேன், அதைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "கருடாழ்வார்லா சார்! பூசை ரூம்ல ஒட்டப்போறேன்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிழையைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாத பிறவி நான். அன்று கொஞ்சம் சுயநலமும் சேர்ந்துகொண்டது. பூதக்கண்ணாடியை நீட்டி, "கழுத்துல இறகே இல்ல பாருங்க. இது பிணந்தின்னிக் கழுகு" என்றேன். நெருப்பைத் தொட்டவர்போலத் தபால்தலையை என் மேசையில் உதறினார். பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்: "எம் மவ கல்யாணத்துக்கு ஊர் ஊராப் பொணந்தின்னியவா அனுப்பி வச்சிருக்கேன்? வெளங்குமா சார்?"

ஓங்கிய கை

டீச்சர் வந்தார். தபால்தலையை உறையில் ஒட்டி, முத்திரை குத்தும் தாஸ் அண்ணனிடம், "பூப்போல, ஓரமா" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவரும் பவ்யமாகத் தலையாட்டினார். ஆனால் அது மூட்டை மூட்டையாகத் தபாலைக் குத்தித் தள்ளிப் பழகிய கை. டொம்மென்று ஓர் அடி; மேசை அதிர்ந்தது. தேதி பளிச்சென்று விழுந்திருந்தது, ஓவியர் முகத்தின் நட்டநடுவில். கண் இல்லை, மூக்கு இல்லை. ஒட்டுவதற்கு வேறு தபால்தலையும் இல்லை. தாஸ் அண்ணன் முத்திரையை ஓங்கியபடியே நின்றார். டீச்சர் மயங்கி விழுவார் என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. உறையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கழுகின்மேல் ஒரு பொட்டு மை படவில்லை. பிறகு சொன்னார்: "இவரு நான் கும்பிடுத மனுசன்தான் சார். ஆனா பறவைகளைச் சுட்டுக் கொன்னு, கம்பி குத்தி நிக்க வச்சுதான் இத்தனையும் வரைஞ்சாரு. இன்னைக்குப் பறவை தப்பிச்சிட்டு, அடி அவருக்கு விழுந்திருக்கு. இப்படி ஒரு கவர் வேற யாருக்குக் கெடைக்கும்?"

சிறப்பு உறையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எங்கள் விதிப்புத்தகம் நீட்டி முழக்குகிறது. பறவைகளுக்கு நியாயம் வழங்குவது மட்டும் அதில் எங்குமே இல்லை.