கரடியம்மாவும் ஐந்து விரல் தடமும்

நகல் எடுக்கும் கடைக்கு வந்தவர், பக்கத்து முடிதிருத்தகத்தில் கேள்விப்பட்டதாகச் சொன்னார். இந்தத் தெருவில் ஒரு பெண்மணி இருக்கிறாளாம், குளிர்பதனப் பெட்டியில் காட்டு விலங்குகளின் சாணத்தைச் சேர்த்துவைக்கிறாளாம், அந்தப் புருஷன்தான் பாவமாம். கடைக்காரர் இரண்டு பக்கமும் நகல் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, "சாணம் இல்லைங்க, எச்சமும் புழுக்கையும். அதுவும் மீன் வைக்கிற தட்டுல இல்ல, அதுக்குக் கீழ்த்தட்டுல" என்று திருத்தினார். அந்தப் பாவப்பட்ட புருஷன் அவர்தான்.

அவர் மனைவிக்குத் தொழில் பல்செட் கட்டுவது. பல் மருத்துவமனையின் பின்னறையில், மெழுகுக் கட்டிகளுக்கும் பிளாஸ்டர் மூட்டைக்கும் நடுவே வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்திருப்பாள். முகம் அவளுக்கு நினைவில் நிற்காது. வழியில் யாராவது நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பாள். அந்த ஆள் சிரித்துவிட்டால் போதும், "ஓ, கீழ்வரிசை, இடது பக்கம் ரெண்டு! இன்னும் உறுத்துதா?" என்று உறவு கொண்டாடத் தொடங்கிவிடுவாள். ஏழாவது நாள் காலையில் அதே பிளாஸ்டரில் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஓடைக்கரைக்குப் போவாள். கீரி, முள்ளம்பன்றி, மரநாய் என்று எதையும் அவள் முழுசாகப் பார்த்தது அபூர்வம். அவை போன பிறகு மண்ணில் என்ன விட்டுப்போயின என்பதுதான் அவள் கணக்கு. காலடியில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகியதும் பெயர்த்து, பழைய பல் துலக்கியால் மண்ணைத் தட்டிவிடுவாள். வீட்டு அலமாரியில் வரிசையாகப் பாதங்கள். நடுவே, சரிபார்க்கக் கொண்டுவந்த யாருடைய பல்செட்டோ சிரித்துக்கொண்டிருக்கும்.

கணவருக்கு இதிலெல்லாம் பெரிய பிடிப்பு கிடையாது. பை தூக்குவார், தடத்தின் பக்கத்தில் அளவுகோலைப் பிடிப்பார். தடம் படிக்கத் தெரிந்தவளைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். மழை விட்ட ஒரு மாலை, வாசல் ஈரத்தைக் குனிந்து பார்த்தவள் நிமிராமலே கேட்டாள். "பேக்கரிக்குப் போனீங்களா? இடது குதிகால் தேஞ்ச செருப்பு தெருவுலயே உங்களுது ஒண்ணுதான். போகும்போது எட்டி எட்டி வச்சிருக்கீங்க. வரும்போது நின்னு நின்னு வந்திருக்கீங்க. தின்னுக்கிட்டே நடந்தா அப்படித்தான் விழும்." மருத்துவர் சர்க்கரையைத் தொடக்கூடாது என்று சொல்லி அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து அவர் தார்ச்சாலை வழியாகத்தான் பேக்கரிக்குப் போகிறார்.

இப்பேர்ப்பட்டவளும் ஒருமுறை சறுக்கினாள். நாய் நிதானமாக நடந்தால் முன்கால் பட்ட இடத்திலேயே பின்கால் விழும். சேற்றில் இரண்டும் ஒன்றாகி, ஒரே பெரிய பாதம் போல் நிற்கும். பாடம் நடத்தும் அளவுக்கு அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அன்று கண்ட தடத்தின் பருமன் கண்ணை மறைத்துவிட்டது. அச்சு எடுத்து வனத்துறை அலுவலகத்தில் வைத்தாள். அதிகாரியும் புரட்டிப் பார்த்துக் கரடிதான் என்றார். பள்ளிக்கூடங்களுக்கு இரண்டு நாள் விடுமுறை. மூன்றாம் நாள் அதே சேற்றில், ஊரே வேடிக்கை பார்க்க, சலவைக்கடைக்காரரின் கொழுத்த நாய் நடந்து போய் அச்சு அசலாக அதே கரடியைப் பதித்துவிட்டுக் கொட்டாவி விட்டது. கரடி விடுவது என்பார்களே, அதை ஊர் நேரிலேயே பார்த்தது. அவளுக்குக் கரடியம்மா என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான். பிள்ளைகள் மட்டும் இன்றும் அவளைக் கண்டால் மரியாதையாக வணக்கம் வைத்து, அடுத்த கரடி எப்போது என்று கேட்கிறார்கள்.

இந்த மாதம் விளையாட்டு வினையாகிவிட்டது. ஓடையின் இரு கரைக்கும் சிமெண்டுச் சுவர் கட்டப் போகிறார்கள், திங்கட்கிழமை காலை மண் வெட்டும் இயந்திரம் வருகிறது. அந்தக் கரையில் வேர்களுக்கு அடியில் ஒரு வளை இருக்கிறது. வளையின் வாசலில் கிடந்த எச்சத்தைக் குச்சியால் பிரித்தபோது மீன் செதில் மினுங்கியது. நீர்நாய் என்று அவளுக்கு உறுதி. அதிகாரியிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர்தான், இருந்தாலும் சூடு கண்டவர். எச்சத்தை யாரும் எங்கிருந்தும் கொண்டுவரலாம், படமும் வேண்டாம் என்றார். "அச்சை நம்பித்தானேம்மா நானும் கெட்டேன். தடம் மண்ணுலயே இருக்கணும், என் கண்ணால பார்க்கணும். பார்த்துட்டா வேலையை நிறுத்துறது என் பொறுப்பு. கிடைச்சா எப்ப வேணா கூப்பிடுங்க."

ஞாயிறு காலை கிடைத்தது. தண்ணீரிலிருந்து இரண்டடி தள்ளி, ஈர மண்ணில், ஒற்றைத் தடம். மூன்று தடவை எண்ணியவள் கணவரையும் எண்ணச் சொன்னாள். நாய்க்கு நாலு விரல்தான் பதியும்.

"நாலுன்னா நாலுன்னே சொல்லுங்க. எனக்காகச் சொல்ல வேணாம்."

"அஞ்சு."

"ஓரத்துல சின்னதா இருக்கே, அதையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்மா அஞ்சு. நடுவுல சவ்வு இழுத்த கோடுகூடத் தெரியுதே."

அவர் அவள் போனை வாங்கி அதிகாரியை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். விடுமுறை நாள், மனிதர் தூங்குகிறாரோ, கரடியம்மா என்று பெயரைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாரோ. அதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கை பழக்கத்தில் கிண்ணத்தில் பிளாஸ்டரைக் குழைத்தே விட்டிருந்தது. முதல் துளி அளவுகோலின் மேல் விழுந்தது.

"ஊத்திடும்மா. மழை கரைச்சுட்டா ஒண்ணுமே மிஞ்சாது."

ஊற்றினால் அலமாரிக்கு நீர்நாய் கிடைக்கும். மண்ணில் இருப்பது போய்விடும். கிண்ணத்தில் பிளாஸ்டர் இறுகத் தொடங்கியது. அவள் ஒரு நொடி தடத்தைப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தை அப்படியே புல்லில் கவிழ்த்தாள். தன் தலைக்கு மேல் கணவர் பிடித்திருந்த குடையின் கம்பியைப் பற்றி இழுத்துத் தடத்தின் மேல் தாழ்த்தினாள். சரிவிலிருந்து ஒழுகி வந்த நீர் அந்தப் பக்கம் திரும்பாதபடி, மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் அணையாக ஊன்றிக்கொண்டாள். மழை அவள் முதுகில் கொட்டியது.

"இன்னொரு தடவை போன் போடுங்க" என்றாள்.

அவர் போட்டார். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.