பதினெட்டு கிலோ ஈயம்

அவருக்கு வேலை மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்துவது. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் திரும்பத் தேய்ப்பார். அதனால் ஏரிக்கரைப் படகுச் சங்கத்தில் அவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்றே பெயர்.

இரண்டு ஒல்லியான ஓடங்களைக் குறுக்குச் சட்டத்தால் பூட்டிப் பாய் கட்டிய கேட்டமரான்கள் அங்கே இருபத்திரண்டு இருந்தன. படகுக்கு இரண்டு பேர். எல்லாப் படகும் ஒரே அளவில் இருக்கிறதா என்று டேப்பும் தராசுமாகச் சோதிப்பது அவர் பொறுப்பு. ஆறு வருடம் தொடர்ந்து கோப்பையும் அவருக்கும் மனைவிக்கும்தான்.

அப்புறம் சகலை வந்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன், பள்ளியில் கணக்கு வாத்தியார். பொழுதுபோக்குக்கென்று ஒரு பழைய படகை வாங்கினான். பாயை எப்படித் திருப்புவது என்று சொல்லிக்கொடுத்ததே இவர்தான். இரண்டாம் வருடமே கோப்பை அவன் வீட்டுக்குப் போனது. மூன்றாம் வருடமும்.

தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். “அண்ணே, இன்னைக்குக் காத்து எங்க பக்கம்” என்று அவன் சிரித்தானே, அதுதான் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டது. பழைய பந்தயக் குறிப்புகளைப் புரட்டிப் புரட்டிக் கடைசியில் காரணத்தைப் பிடித்தார். சகலையும் மச்சினியும் சேர்ந்தே நூற்றிருபத்திரண்டு கிலோதான். இவர்கள் இருவரும் நூற்றைம்பத்தொன்று.

ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு விதித் திருத்தம் எழுதினார்: இருவர் எடை நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால், குறைகிற அளவுக்கு ஈயம் ஏற்ற வேண்டும்.

பாய்களை மடித்து வைக்கிற கொட்டகையில் கூட்டம். “நாங்க ஏறினா படகே முனகுது. இதை எப்பவோ கொண்டு வந்திருக்கணும்” என்றார் பேக்கரிக்காரர்.

நர்ஸம்மா விடவில்லை. “பலமா காத்தடிச்சா கனமானவங்கதானே ஜெயிக்கிறீங்க? அப்ப உங்க எடையில எதைக் கழிப்பீங்க?”

“பதினாலு பந்தயத்துல பன்னெண்டு மெல்லிய காத்துல நடந்திருக்கு” என்று இவர் தாளைத் தூக்கிக் காட்டினார்.

மச்சினி எழுந்தாள். “அத்தான், இது விதியா, வயித்தெரிச்சலா?”

“கணக்கும்மா” என்றார்.

ஆதரவு இருபத்திரண்டு, எதிர்ப்பு இருபத்தொன்று. அவர் மனைவி மட்டும் இரண்டு தடவையும் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

புது விதியின் முதல் பந்தயம். சகலை ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் பதினெட்டு கிலோ ஈயத்தைப் பைகளில் போட்டுச் சட்டத்தில் கட்டினான். ஐந்தாவதாக வந்தான். இவர் முதலாவது. சகலை முழங்கால் தண்ணீரில் ஓடி வந்து இவரைக் கட்டிக்கொண்டான்.

“கடைசித் திருப்பத்துல கரையோரமா போனீங்களே அண்ணே, அது உங்களுக்குத்தான் வரும்!”

வில்லையில் கீறல் தேடுகிற கண்ணால் அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு துளி கசப்பில்லை. அது அவரை இன்னும் எரித்தது.

“இப்ப சந்தோஷமா?” என்று காரில் மனைவி கேட்டாள்.

“ஜெயிச்சோமில்ல?”

“அதைக் கேக்கல.”

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு விதியை நீக்கச் சொல்லி நர்ஸம்மா தீர்மானம் கொடுத்திருந்தார். மில்லிமீட்டர் ஒரு மாதம் தன்னோடு மல்லுக்கட்டி, தானே எழுந்து ‘நான் செய்தது தப்பு, எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லிவிட முடிவு செய்தார். எழுதிய தாள் சட்டைப்பையில் இருந்தது. அவர் தொண்டையைச் செருமுவதற்குள் சகலை எழுந்துவிட்டான்.

“விதி இருக்கட்டுங்க. ஈயம் ஏத்தின பிறகுதான் நான் படகே ஓட்டக் கத்துக்கிட்டேன்.”

கொட்டகை கைதட்டியது. விதி நிலைத்தது. எல்லோரும் அவன் தோளைத் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அந்தத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்தாள்.

“நல்லாத்தானே எழுதியிருக்கீங்க. ஏன் பேசல?”

“அவன் முந்திக்கிட்டான்.”

“அதுக்குமா பொறாமை?”

“ஆமா” என்றார். அந்தச் சொல்லை அவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.