பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்

அடியவர்களே, எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. இடையில் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணியில் என் கணவர் குதிரையிலிருந்து விழுந்தார். லண்டன் ஹரோவில் கடை வைத்திருக்கிற மனிதருக்குக் குதிரை எதற்கு? நானும் கேட்டேன். "எங்கட சண்டை காணாதெண்டோ வெள்ளைக்காரற்ர சண்டைக்குப் போறியள்?"

இந்த நாட்டில் அரசனும் பாராளுமன்றமும் மோதிய பழைய உள்நாட்டுப் போரில், ஒரு குதிரைப்படை ஒரே காலையில் அழிந்துபோனதாம். யாரை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. அந்தக் கதையை வருடாவருடம் நடித்துக் காட்டும் குழுவில் இவர் சேர்ந்தார். இவருடைய தம்பியும் ஈழத்தில் எங்கள் போரில் அப்படிக் காணாமல் போனவர். அதற்குமேல் நான் தடுக்கவில்லை.

சண்டை முடிந்ததும் குழுத் தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். செத்ததுபோல் கிடப்பவர்கள் கையை உயர்த்திவிட்டு எழும்புவார்கள். அன்றைக்கு இவர் விழுந்தபோது சனம் கைதட்டியது. நானும் தட்டினேன், பாவி. "பாலன்!" என்று கூப்பிட்டார்கள். கை உயரவில்லை.

மூளையில் இரத்தம் கசிந்துதான் விழுந்தாராம். ஆஸ்பத்திரியில் நாட்கள் போயின. கண் திறக்கவில்லை. டொக்டர்மார் கையை விரித்துவிட்டார்கள்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ அன்ரி, சிலவேளை கேக்கும்" என்றாள் எங்கட தமிழ் நர்ஸ் பிள்ளை.

"ஐயோ பிள்ளை, நான் அவற்ர பேர் சொல்லிறேல்லை."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து "இஞ்சருங்கோ"தான். புருசன் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று சொல்லி வளர்த்தவர்கள். இருக்கிற உயிரே இழுபறி. அதையும் நான் குறைப்பதா?

"முருகா, இது பாவமெண்டால் என்ர ஆயுளிலை கழி. அவரை எனக்குத் தா" என்று வேண்டினேன். அவர் நெற்றியில் திருநீறு பூசி, காதருகில் குனிந்தேன். "பாலன்!" மறுபடியும் கூப்பிட்டேன்.

கண் திறக்கவில்லை. ஆனால் இடது கை மெல்ல உயர்ந்தது, களத்தில் உயர்த்துவதுபோலவே. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதேன்.

வலது கையும் காலும் இன்றும் வழங்காது. பேச்சு முழுதாக வரவில்லை. குதிரையேற்றம் இனி இல்லை. குதிரையில் இருந்து எடுத்த பழைய படங்களைப் பார்த்து அழுகிறார். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் சக்கர நாற்காலியில் இந்தச் சந்நிதிக்கு வருகிறாரே, இது முருகன் போட்ட பிச்சை. கஷ்டம் வந்தால் கூச்சப்படாமல் அவனைக் கூப்பிடுங்கள்.

இப்போது காலையில் பெயர் சொல்லித்தான் எழுப்புகிறேன். அந்தக் கை உயரும்வரை எனக்கு மூச்சு வராது.