வெறுங்கையால் எடுத்த இட்லி

என் அக்கா இட்லித் தட்டை வெறுங்கையால்தான் இறக்குவாள். துணி வைத்துப் பிடிக்க மாட்டாள். செங்கம் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பினால் ஆறாவது வீடு. வாசலில் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பெஞ்சு. அதுதான் அவள் கடை. புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு தாய்வீட்டுக்கு வந்து அவளே போட்ட கடை. அவள் ஆட்டுக்கல்லில் அரைத்த மாவில்தான் நான் கல்லூரி வரை போனேன். எங்கள் வீட்டில் அதற்குமுன் எல்லோரும் கைநாட்டு.

காலையில் முதல் ஆளாக வந்து உட்காருகிறவர் மாட்டுவண்டிக்காரர் ஒருவர்.

"இன்னா பொண்ணே, கையா இரும்பா? ஆவி பறக்குது, பூ எடுக்கற மாதிரி எடுக்கறே!"

"புருஷன் வெச்ச சூட்டுக்கு முன்னால இதெல்லாம் எம்மாத்திரம் மாமா?"

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குத் தொழுநோய்த் தடுப்பு வேலை கிடைத்தது. சைக்கிளில் ஊர் ஊராகப் போய், தோலில் வெளிறிய தேமல் யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கண்ணை மூடச் சொல்லி, கோழி இறகால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். தொட்டது தெரியவில்லை என்றால் அதுதான் நோய். பயிற்சியில் ஒருநாள், சூடு தெரியாத கை இருந்தால் விடாதீர்கள் என்றார்கள்.

அன்று சாயங்காலமே அக்காவைப் பின்கட்டில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன்.

"இன்னாடா, இந்த வயசுல கண்ணாமூச்சியா?" சிரித்துக்கொண்டே மூடினாள்.

முழங்கைக்குக் கீழே உள்ளங்கையளவு வெளிறிய இடம். இறகை வைத்தேன். அவள் விரல் அசையவில்லை. மறுபடி வைத்து இழுத்தேன்.

"எப்படா தொடப் போறே?" என்றாள்.

மறுநாள் என் மேலதிகாரியிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நோயாளின்னு கார்டு போடாத. மாத்திரை நான் தரேன், நீயே வீட்ல குடு. இது பரவற ரகம் இல்ல. எழுதிட்டா அக்கம்பக்கம் பூரா சோதிக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா ஊரான் வீட்ல மட்டும் எழுதறோமே சார்."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். அக்காவின் பெயரை நானே எழுதினேன், அழகான கையெழுத்தில். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் என்னோடு வேலை செய்கிறவர்கள் மூன்று பேர் வந்தார்கள். எந்தப் பெயரையும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தொடங்கி, இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு என்று வரிசையில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நடுவீடு எது என்று கண்டுபிடிக்கத் தெருவுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பெஞ்சில் ரெண்டு பேர். அதற்கு மறுநாள் வண்டிக்காரர் மட்டும் வந்தார். உட்காரவில்லை. நேற்றைய பாக்கிக் காசைப் பலகைக்கு ஒரு முழம் மேலேயிருந்து விட்டார். கோபுர வாசலில் விரல் மழுங்கித் தகரக் குவளையோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஊரே அப்படித்தான் போடும். அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவரும் வரவில்லை. அக்கா கடையை மூடினாள். தெருவில் அழுகிற குழந்தையை "இட்லிக்காரி வந்து தொட்ருவா" என்று மிரட்டினார்கள். குழந்தை உடனே வாயை மூடிக்கொண்டது.

அதே மாதம் எதிர்வீட்டுப் பெண்பிள்ளைக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் கொப்புளம். அதுதான் ஒட்டுகிற நோய். நிலைப்படியில் வேப்பிலை சொருகினார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்று இளநீரோடு போய்க் கும்பிட்டு வந்தார்கள். என் அம்மாவும் போனாள். வந்த கையோடு அக்காவின் அலுமினியத் தட்டை எடுத்துப் பின்கட்டில் தனியாக ஆணியில் மாட்டினாள்.

"அம்மா, அக்காளுது ஒட்டாதும்மா. நீ இப்பப் போய்ட்டு வந்தியே, அதான் ஒட்டும்."

"அதுக்கு ஆத்தா இருக்கா. இதுக்கு யார்டா இருக்கா?" என்றாள் அம்மா.

ரெண்டு வருஷம் அக்கா ஒருநாள் விடாமல் மாத்திரை விழுங்கினாள். அந்த ரெண்டு வருஷமும் நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் "தொட்டால் ஒட்டாது" என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசியில் டாக்டர், குணமாகிவிட்டது, செத்துப்போன நரம்பு மட்டும் திரும்பாது என்றார்.

அக்கா பெஞ்சைக் கழுவினாள். "தம்பி, கடை தொறக்கற அன்னிக்கு நீ மொதல்ல உக்காந்து சாப்டு. பேண்ட் சட்டை போட்டுக்கினு உக்காரு. கவர்மெண்ட் ஆளே துண்றான்னா நாலு பேரு வருவாங்க."

"கண்டிப்பா வரேன்க்கா."

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. மலை சுற்றிவிட்டுத் திரும்புகிற வெளியூர்க்காரர்கள் கொட்டகையைப் பார்த்து நின்றார்கள். அவர்களை உள்ளே போக விடாமல் எங்கள் தெருக்காரர்கள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் எதிர்த் திண்ணையோரம் பீடியோடு நின்றார். நான் நடுப்பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா புதுச்சேலை கட்டியிருந்தாள். இலை போட்டாள். தட்டை இறக்கினாள், பழையபடி வெறுங்கையால். ஆவி பறக்கும் இட்லியை அதே கையால் எடுத்து என் இலைக்கு நேரே நீட்டினாள்.

"கரண்டியால போடுக்கா."

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. சத்தமாகவும் வந்துவிட்டது.

வண்டிக்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அவனே கரண்டி கேக்கறான். வாங்கப்பா, வேற கடை பாக்கலாம்" என்று வெளியூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு போனார்.

அக்கா இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, உள்ளே போய்க் கரண்டி கொண்டுவந்து, மூன்று இட்லி போட்டாள். நான் மூன்றையும் தின்றேன். வேறு யாரும் வரவில்லை. வெயில் ஏறியதும் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். அதன் பிறகு அந்த அடுப்பு எரியவில்லை.

அன்று மத்தியானம் அவள் கொட்டகைக் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"சுட்டுடுமேன்னுதான் சொன்னேன்க்கா."

அக்கா திரும்பவில்லை.

"எனக்கு என்னிக்குடா சுட்டுது?" என்றாள்.