டெல்மரின் கடைசிக் கையெழுத்துப் படி

"உங்கட அமெரிக்கன் செத்துப்போனாராம். அவரின்ர மனுசி ரெலிபோன் எடுத்தவ. உங்களுக்கெண்டு ஒரு உறை கிடக்காம்" என்றாள் என் மனைவி. துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம்.

அந்த அமெரிக்கர் டெல்மரை உங்களில் சிலர் சிட்னி பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டில் கண்டிருப்பீர்கள். கையால் இடியப்பம் சாப்பிட்டு, உறைப்பில் கண்கலங்கிய ஒல்லி மனிதர். ஒஹையோவில் ரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டவர். முதலாவதைப் புகழ்ந்தார்கள், இரண்டாவதை யாரும் தொடவில்லை. வியட்நாம் போரை எதிர்த்து, ஊரைப் பகைத்துக்கொண்டு சிட்னிக்கு வந்தார்.

செவன் ஹில்ஸ் அச்சகமொன்றில் இருவரும் பிழைதிருத்தினோம். மூலத்தை நான் உரக்க வாசிப்பேன். அவர் அச்சுப்படியில் குறிப்பார். சாப்பாட்டு வேளையில் தன் கதைகளையும் என்னைக் கொண்டு வாசிப்பிப்பார். நான் தடுக்கிய வரியை உடனே வெட்டுவார். "உமது நாக்கு என் பதிப்பாசிரியரைவிட நேர்மையானது" என்பார்.

கதையில் வருபவர்களின் சொந்தப் பெயர்களைக் கடைசிப் படி வரை அவர் மாற்றுவதில்லை. "பெயரை மாற்றினால் ஆள் என்னோடு பேசமாட்டான்" என்பார்.

அது தெரிந்திருந்தும் ஒருநாள் அவரிடம் உளறிவிட்டேன்: நான் பி.ஏ. இல்லை. கடைசிப் பரீட்சையில் தோற்றவன். பட்டம் இருப்பதாகச் சொல்லித்தான் இந்த வேலையை வாங்கினேன். "எங்கட பி.ஏ. என்ன சொல்லுறார்?" என்று விருந்துகளில் என்னைச் சீண்டும் டாக்டர்மாரே, எஞ்சினியர்மாரே, உங்களிடமும் அந்தப் பொய்யைத்தான் சொன்னேன்.

அடுத்த வாரமே அவர் அதை எழுதத் தொடங்கினார். கேட்காமல் எழுதலாமா என்றேன். "கேட்டால் வேண்டாம் என்பீர்" என்றார். அன்றிலிருந்து வேலைக்கு வேண்டியதைத் தவிர அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அச்சக முகாமையாளரின் கதவு திறந்த ஒவ்வொரு முறையும் தாள்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

டெல்மரின் மனைவி தந்த உறையை ரயிலில் பிரித்தேன். உள்ளே அந்தக் கதையின் கடைசிப் படி. பக்கத்தில் இருந்தவர் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே என் பெயர்: சிவகுருநாதன். ஆனால் அந்தச் சிவகுருநாதன் பக்கத்து மேசையில் இருந்து கேட்பவன் மட்டுமே. பட்டமில்லாமல் வேலை வாங்கி, கதவுச் சத்தத்துக்கெல்லாம் நடுங்குபவனின் பெயர் டெல்மர்.

கேட்காமல் எழுதியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்தப் படியை வைத்திருக்கிறேன். அதில் ஒரேயொரு திருத்தம் செய்தேன்: அவர் பெயரை வெட்டி, ஓரத்தில் என் பெயரை எழுதினேன். உங்களுக்குச் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை காலை முகாமையாளரின் கதவை நானே தட்டவேண்டும்.